யார் எந்த வண்டியில்

திருவனந்தபுரத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு சமிதி இருக்கும். தேர்தல் நியாயமாக நடக்கிறதா என்று கவலைப்படுவதற்கும் ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதன் தலைவர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ஒரு வக்கீல், ஒரு நர்ஸ், கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு பேர், பிறகு நான். கரமனையில் குடியிருப்பவள், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மற்ற எல்லோரும் மலையாளிகள். தமிழ் பேசுகிறவர்களிடம் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். அது தெரிந்தும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் கணவருக்கு இதில் துளியும் ஒப்புதல் இல்லை. “ஒனக்கு வேற சோலி இல்லியா? ஒன் ஓட்டு கரமனையில பத்திரமா இருக்குல்லா, பின்ன என்ன?” என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் ஓட்டு பத்திரமாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். நான் யாருக்குப் போட்டேன் என்று கூடப் படுக்கிற மனிதருக்கே இதுவரை தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

சட்டசபைத் தேர்தல் அறிவிப்பதற்கு முன்பே நாங்கள் வாக்குச்சாவடிகளைப் போய்ப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். சக்கர நாற்காலி ஏறச் சரிவு இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் உண்டா, மெஷினை வைக்கும் மூலை ஜன்னலுக்கு எதிரே இருந்து யாராவது எட்டிப் பார்க்கும்படி ஆகிவிடுமா, இப்படி. இதிலெல்லாம் நான் கெட்டிக்காரி. கணக்குப் பார்த்துப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கும் என்று மோப்பம் பிடிக்கிற புத்தி வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடமே கதவை இழுத்துச் சாத்திக் காட்டச் சொன்னேன். அவர் முறைத்துக்கொண்டே சாத்தினார்.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போக வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் என் சந்தோஷம் வடிந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போனேன்.

எஸ்டேட்டில் முன்பெல்லாம் வாக்குச்சாவடி மேலேயே இருந்தது, தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகக் கட்டிடத்தில். கூரை இற்றுப்போய் ஆபத்தாகிவிட்டதால், இதற்கு முந்தைய தேர்தலில் அதை மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நானே அந்தக் கூரையைப் பார்த்தேன். அதன் கீழே ஒரு நிமிஷம் நிற்க எனக்கே தைரியம் வரவில்லை.

மதியம் கொழுந்து நிறுக்க வந்திருந்த பெண்களிடம், “ஓட்டுப் போட எப்படிக் கீழே போவீங்க?” என்று கேட்டேன்.

“ஜீப்பு வரும்” என்றார்கள்.

கட்சிக்காரர்கள் வண்டி வைத்து ஆள் கூட்டிப் போவது சட்டப்படி குற்றம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒருத்தி, “அப்ப நீங்க கொண்டு போவீங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதுவும் மழைக்கு வராது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானும் அசடு வழியச் சிரித்தேன்.

மற்றவர்கள் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். நாற்பது வயது இருக்கும். “ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்கக்கா” என்று லயத்துக்குக் கூட்டிப் போனாள். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு அறை, ஒரு அடுக்களை, அடுத்த வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும் சுவர். அதனால் அவள் மெதுவாகவே பேசினாள்.

அவள் கணவர் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. இறந்துவிட்டார். அவருடைய இடத்தில் இவளை நிரந்தரமாக எடுக்க வேண்டும். எடுத்தால்தான் அந்த அறை இவளுக்கு நிலைக்கும். இப்போதைக்குத் தற்காலிகம். சிபாரிசு செய்ய வேண்டியவர் யூனியன்காரர். அவரைப் பற்றி அவள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

“நல்ல மனுசந்தான் அக்கா. இவருக்கு நெஞ்சு வலி வந்தப்போ அவருதான் ஜீப்புல போட்டு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனாரு. அவரு கட்சிதான் நானும்னு நெனச்சிட்டிருக்காரு.”

“இல்லையா?”

“அத நான் ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

பிறகு அவள் சொன்னதுதான் விஷயம். வாக்குச்சாவடி மேலே இருந்த காலத்தில் எல்லோரும் நடந்து போனார்கள், போட்டார்கள், வந்தார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கீழே மாறிய தேர்தலில் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு ஜீப் வந்தது. ஜனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போகும்போது ஒரு கட்சியின் ஜீப்பில் போவது, திரும்பும்போது மற்றக் கட்சியின் ஜீப்பில் வருவது. லயத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, இரண்டு பேருக்கும் பிடி கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தடவை அது நடக்காது. எதிர்க்கட்சிக்கு ஜீப் ஓட்டியவர் எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டார். ஒரே ஜீப், யூனியன்காரருடையது.

“ஏறினா அவங்க ஓட்டு. ஏறல்லேன்னா எதிர் ஓட்டு. உள்ள போயி எதை அமுக்கினேன்னு யாரும் கேக்க மாட்டாங்க அக்கா. அதுக்கு முன்னாடியே எண்ணி முடிச்சிருவாங்க.”

“ஏறிப் போய் உங்களுக்குப் பிடிச்சதைப் போட வேண்டியதுதானே?”

“போடலாம். பின்ன, எண்ணும்போது கீழ அவங்க ஓட்டு கொறஞ்சா ஜீப்புல வந்தவங்கள்ல யாருன்னு தேடுவாங்க. எனக்குப் பேடியா, பயமா இருக்கு. என் ரூமு அவங்க கையில இருக்கு.”

வழியையும் அவளே சொன்னாள்: “சர்க்கார் ஒரு பஸ்சு விட்டா நல்லாயிருக்கும். எல்லாரும் ஒண்ணா ஏறிப் போயிரலாம். ஆனா நான் சொன்னதா வரக் கூடாது.”

“உங்க பேர் எங்கேயும் வராது” என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். அவள் பெயர் எங்கேயும் வரவில்லை.

பஸ்ஸுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொன்னால் நீண்டுபோகும். மனு, அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ், இது எங்கள் வேலை இல்லை என்கிற பதில், மறுபடி மனு. பேராசிரியர் விடாக்கண்டர். கடைசியில் வாக்குப்பதிவு நாளில் மலைக்கு ஒரு விசேஷ பஸ், கட்டணமில்லாமல், காலையிலும் மதியமும் வந்து போகும் என்று உத்தரவு வந்தது. அவர் வீட்டு மேசையில் அன்று பாயசம். எனக்கும் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் சமிதி சமிதி என்று அலைந்ததில் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒன்று, சக்கரம் வைத்த ஒன்று, இப்போதுதான் கிடைத்திருந்தது.

இரண்டு நாளில் மலையாளப் பத்திரிகை ஒன்றில் சின்னதாகச் செய்தி வந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் புகாரைத் தொடர்ந்து பஸ் ஏற்பாடு என்று போட்டிருந்தார்கள். கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

“யாரு புகார் சொன்னான்னு அங்க கேக்க மாட்டாங்களா?” என்றார்.

“பேர் போடல்லியே” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவளிடமிருந்து போன் வந்தது ஒரு மதிய இடைவேளையில். மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் நின்று பேசுகிறாள் என்று காற்றுச் சத்தத்திலேயே தெரிந்தது.

“அக்கா, பஸ்சு வேண்டாம்னு சொல்ல முடியுமா?”

யூனியன்காரர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறார். கோபப்படவில்லை. ‘நம்ம வீட்டு விஷயத்தை வெளியில போய்ச் சொன்னது யாருன்னு தெரிஞ்சா போதும், நான் யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டேன்’ என்றாராம். அப்போது யாரோ ஒருவர், பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடுமே என்று சொல்லியிருக்கிறார். வேடிக்கையாகத்தான் சொன்னாராம். அதற்குப் பிறகு லயத்தில் பஸ்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு ஜீப் இருந்தபோது இரண்டும் ஒரே ஜாதி வண்டி. மாறி ஏறினால் மறைந்துகொள்ளலாம். பஸ் அப்படி இல்லை. ஜீப்பில் ஏறினால் அவர்கள் ஆள், பஸ்ஸில் ஏறினால் புகார் சொன்ன ஆள். ஒளிந்துகொள்ள இடம் கேட்டவளுக்கு நாங்கள் மேடை போட்டுக் கொடுத்திருந்தோம்.

பேராசிரியரிடம் ஓடினேன். கேட்டு வாங்கிய பஸ்ஸை வேண்டாமென்று எப்படிச் சொல்வது, நாளைக்கு எந்த ஆபீஸ் படியை நாம் ஏற முடியும் என்றார். பயப்படுகிறார்கள் என்பதற்காக நாமும் பின்வாங்கினால் பயம்தானே ஜெயித்தது என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியென்றே பட்டது. அதனால் இன்னும் ஆத்திரமாக வந்தது. உங்களுக்கு அறை இருக்கிறது சார், பெரிய வீடே இருக்கிறது என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் முகம் சுண்டிவிட்டது. பஸ் ரத்தாகவில்லை.

வாக்குப்பதிவு நாளில் கரமனைப் பள்ளிக்கூடத்தில் வரிசையின் முன்னாலேயே நின்று என் ஓட்டைப் போட்டேன். தெரு முழுக்க அறிமுக முகங்கள். யாரும் நான் எப்படி வந்தேன் என்று பார்க்கவில்லை. அதை நான் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் கவனித்ததில்லை. பிறகு வாடகைக் கார் பிடித்து மலையடிவாரம் போய், அங்கே புறப்படத் தயாராக நின்ற விசேஷ பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். பயணி நான் ஒருத்திதான்.

எஸ்டேட் முக்கில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். நல்ல புடவைகள், தலையில் பூ. ஜீப் ஏற்கனவே நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் யூனியன்காரர். ஐம்பது வயது, சிரித்த முகம். பஸ் வந்து நின்றதும் அவரே முன்னால் வந்து டிரைவருக்கு வணக்கம் சொன்னார். கூட்டத்தைப் பார்த்து, “பஸ் வந்திருக்கு, இஷ்டமுள்ளவங்க ஏறிக்கலாம், யாருக்கும் தடையில்ல” என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. நான் சத்தியம் செய்வேன், இல்லை. பிறகு ஜீப்பில் சாய்ந்துகொண்டு பஸ் வாசலைப் பார்த்தபடி நின்றார்.

யாரும் அசையவில்லை. கண்டக்டர் இறங்கி, “வாங்கோ, வாங்கோ, டிக்கெட் இல்ல” என்று தமிழில் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு கிழவர் ஒரு எட்டு வைத்தார். அவர் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். நீலப் புடவை. என்னைப் பார்த்துவிட்டாள், உடனே கண்ணை எடுத்துவிட்டாள். பஸ்ஸில் நான் முன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நான் அங்கே உட்கார்ந்திருப்பதே அவளுக்கு இடைஞ்சல் என்று புரிந்து, எழுந்து பின்சீட்டுக்குப் போனேன். எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்தப் பெரிய பஸ்ஸில் நான் ஒருத்தி மட்டும்தானே தெரிவேன்.

அவள் நேராக ஜீப்பிடம் நடந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணே, முன்னாடி இடம் இருக்கா? எனக்குப் பொறத்தால இருந்தா தலை சுத்தும்” என்றாள். யூனியன்காரர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறியதும் மற்றவர்களும் நெருக்கியடித்து ஏறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் அடுத்த தடவை ஜீப் வரட்டும் என்று மதகில் உட்கார்ந்துகொண்டார்கள். காலி பஸ் அவர்கள் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது.

அதே பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர் மட்டும் மலை இறங்கினோம், டிரைவர், கண்டக்டர், நான். “ஆளில்லாத வண்டி வளைவுல துள்ளும் மேடம், பிடிச்சிக்கணும்” என்றார் டிரைவர். பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் மலைவண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறம், எல்லைக் கோட்டுக்கு வெளியே, ஒரு சாயாக் கடை. அங்கே நின்றேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. சரிவு போட்டிருந்தார்கள், தண்ணீர் வைத்திருந்தார்கள், பந்தல்கூட இருந்தது. ஜீப் தூரத்தில் நின்றது. போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புகார் சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஜீப்பைப் பிடித்தால் மேலே மதகில் இருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது. பஸ்ஸில் அவர்கள் ஏற மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு சாயா குடித்தேன்.

அவள் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வெளியே வந்தாள். யூனியன்காரரும் இன்னும் சில பெண்களும் கூட இருந்தார்கள். கடைக்குத்தான் வந்தார்கள். நழுவிப் போக எனக்கு வழியில்லை.

“மேடம் அந்த பஸ்சுல வந்தவங்கதானே?” என்று யூனியன்காரர் கேட்டார். “முன்னாடியும் மேல வந்திருந்தீங்க, இல்லியா? அன்னைக்கு நான் கீழ மீட்டிங்ல இருந்தேன். லயத்துல யாரோ வீட்டுல சாயா குடிச்சதாச் சொன்னாங்க.”

நான் தலையாட்டினேன். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். “இவங்களை உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே” என்றாள். என் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். கேள்வியே கேட்கவில்லை, புருவத்தைத் தூக்கினார்.

“இல்லை. இவங்களை நான் முதல் தடவையாப் பார்க்கிறேன். அன்னைக்கு வயசான ஒரு அம்மா வீட்டுல குடிச்சேன். எந்த வீடுன்னு ஞாபகம் இல்லை” என்றேன்.

மூச்சு விடாமல் பொய் சொன்னேன். என் சர்வீஸில் எத்தனையோ பேர் எனக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர், “சாரமில்ல மேடம், பரவாயில்ல” என்றுவிட்டு, “இவங்க சாயாவுக்கும் நான் கொடுத்துர்றேன்” என்று கடைக்காரரிடம் சொன்னார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதியம் வந்த பஸ்ஸும் காலியாகவே போய் காலியாகவே திரும்பியது. அந்த வாக்குச்சாவடியில் நல்ல வாக்குப்பதிவு. லயத்தில் வர முடிந்தவர்கள் எல்லோரும் வந்து போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பேராசிரியர் வீட்டு மேசையில் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். மலைப் பகுதி என் பொறுப்பு. அவர் மிகவும் இறங்கிப் பேசினார். பெயர் வேண்டாம், எஸ்டேட் பெயரும் வேண்டாம், ‘ஒரு பெண் தொழிலாளி’ என்று மட்டும் போட்டு அவள் சொன்னதை எழுது என்றார். அது இல்லையென்றால் நம்மிடம் ஒன்றுமே இல்லை, அடுத்த தேர்தலிலும் அவர்கள் அந்த ஜீப்பில்தான் போக வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை. அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம், அதற்கு முன்னாடியே எண்ணி முடித்துவிடுவார்கள் என்பது, நாங்கள் சேகரித்த அத்தனை காகிதத்தையும்விடக் கனமானது. அதை எழுதினால் மாற்றம் வரலாம். எழுதினால் லயத்தில் படிக்கத் தெரிந்த யாருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும்.

அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்றா, அறை நிலைத்ததா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கலாம். கரமனையிலிருந்து ஒருத்தி அவளைக் கூப்பிடுகிறாள் என்று யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று கூப்பிடாமல் இருக்கிறேன்.

எங்கள் அறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. அந்த மலை வாக்குச்சாவடியைப் பற்றி அதில் ஒரே வரி: வசதிகள் திருப்திகரம், போக்குவரத்து ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது, வாக்காளர்களிடமிருந்து புகார் ஏதுமில்லை. அந்த வரியை எழுதியவள் நான்.